இடதுகால் சிறுவனை விங்கராக வளர்த்தல்: டி மரியாவின் ஆட்டத்திலிருந்து ஒரு பயிற்சி முறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஊர்களில் இடதுகால் பழக்கமுள்ள சிறுவன் ஒருவன் கிடைத்துவிட்டால், அவனை இடது ஓரத்தில் நிறுத்தி, பந்து வந்ததும் எதிரில் நிற்பவனை வெட்டிக்கொண்டு ஓடச் சொல்வதே நம் கால்பந்துக் குழுக்களில் வழக்கமாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தை மாற்ற விரும்பும் பயிற்சியாளர்களுக்கு அர்ஜெண்டினாவின் விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர், ஏஞ்சல் டி மரியாவைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்பது என் கருத்து. அவருடைய திறமையில் பாதி, பந்து காலுக்கு வருவதற்கு முன்பே வெளிப்பட்டுவிடுகிறது.

முதலில் தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான கோபா அமெரிக்காவின் 2021 இறுதியாட்டத்தின் 22ஆவது நிமிடத்தைச் சிறுவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். மரக்கானா மைதானத்தில் அர்ஜெண்டினாவின் ரோட்ரிகோ டி பால் தம் பாதியிலிருந்து பந்தை நீளமாகத் தூக்கி அனுப்புகிறார். அதை இடைமறிக்கக் கால் நீட்டிய பிரேசிலின் ரெனான் லோடி தவறவிட, பின்னால் ஓடிவந்த டி மரியா ஒரே தொடுதலில் பந்தைத் தமக்கு முன்னால் இறக்கி, வெளியே வந்த கோல்கீப்பர் எடெர்சனின் தலைக்கு மேல் அதைத் தூக்கிவிடுகிறார். கோலை மட்டும் பார்க்க விடாதீர்கள். பந்து டி பாலின் காலை விட்டுக் கிளம்பும் நொடியில் படத்தை நிறுத்தி, டி மரியா எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிறகு மைதானத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

பயிற்சிக்கு மூன்று பேர் போதும். நடுக்களத்திலிருந்து ஒருவர் உயரமான பந்தை அடிக்க வேண்டும். சிறுவன் ஓரக்கோட்டை ஒட்டி நின்று, அடிப்பவரின் கால் பின்னால் போகும்போது ஓடத் தொடங்க வேண்டும். மூன்றாமவர் கோலில் நிற்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் நெல்தாள் குத்திட்டு நிற்பதால் பந்து இரண்டாவது முறை எழும்பும் திசையை ஊகிக்க முடியாது. ஆகவே அது தரையைத் தொடுவதற்கு முன்பே, நீட்டிய இடது பாதத்தின் உட்புறத்தால் வேகத்தை அடக்கி ஓரடி முன்னால் விழச் செய்யப் பழக்குங்கள். பந்து அடிக்கப்படும்போது தடுப்பாளர்களைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியைப் பார்க்காத, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் பழகிய பிள்ளைகள் பந்துக்கு முன்பே ஓடிப்போய் நின்றுவிடுவார்கள். பதினோரு பேர் ஆட்டத்துக்குப் போகும்போது இந்த ஒரு பழக்கமே அவர்களைக் கெடுக்கும்.

கோல்கீப்பர் முன்னேறி வரும்போது பலமாக அடிப்பதற்குப் பதிலாகப் பந்தின் அடியில் பாதத்தை நுழைத்துத் தூக்கிவிடுவது டி மரியாவின் தனி முத்திரை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் மெஸ்ஸி அனுப்பிய பந்தை நைஜீரியாவின் கோலுக்குள் இப்படித்தான் போட்டார். அந்த ஒரே கோலில் தங்கம் கிடைத்தது. 2022இல் வெம்பிளியில் இத்தாலிக்கு எதிராகவும் இதே கோலைத்தான் அடித்தார். கீப்பரின் முதல் அடி முன்னால் விழும்வரை சிறுவன் பொறுத்திருக்க வேண்டும். கீப்பர் கோட்டிலேயே நின்றால் தூக்கிவிடக் கூடாது. இந்தப் பொறுமையைக் கற்பிப்பதுதான் கடினம்.

எந்த ஓரத்தில் நிறுத்துவது என்பதை ஒரே நாளில் முடிவு செய்துவிடாதீர்கள். டி மரியா பல ஆண்டுகள் வலது ஓரத்தில் ஆடி, உள்ளே திரும்பி இடதுகாலால் அடித்தவர். ஆனால் 2022 உலகக் கோப்பை இறுதியில் பயிற்சியாளர் ஸ்கலோனி அவரை இடப்பக்கம் நிறுத்தியதும் பிரான்ஸ் தடுமாறியது. டெம்பெலேயிடமிருந்து பெனால்டி பெற்றுத்தந்தவரும், 36ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோலை அடித்தவரும் அவரே. ரியல் மாட்ரிட்டில் 2013-14 பருவத்தில் ஆன்செலோட்டி அவரை நடுக்களத்துக்கே இழுத்துவிட்டார். அந்த ஆண்டு லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியின் 110ஆவது நிமிடத்தில், மற்றவர்கள் கால் ஓய்ந்து நின்றபோது அவர் இடப்பக்கமாகப் பாய்ந்து அடித்த பந்தைக் கீப்பர் தடுக்க, அணித்தோழர் பேல் அதைத் தலையால் முட்டி கோலாக்கினார். நடுக்களத்தில் ஆடுபவர் தடுக்கவும் வேண்டும்; ஆகவே பின்னால் ஓடிவந்து தடுப்பதையும் விங்கரின் வேலையாகவே சிறுவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பையன் ஒல்லியாக இருக்கிறான் என்று தயங்கும் பெற்றோரிடம் டி மரியாவின் ஊரான ரொசாரியோ நகரத்துக் கதையைச் சொல்லலாம். டி மரியாவும் நரம்பு போன்ற உடம்புக்காரர். தந்தையின் கரித்தொழிலில் சிறுவயதிலேயே கைகொடுத்தவர். தாய் சைக்கிளில் வைத்து மிதித்துப் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற பிள்ளை. வளர்ந்த பிறகும் ஆட்டத்தில் இடம் உறுதியாகாத நிலையில், இன்னும் ஓராண்டு முயன்று பார், இல்லையென்றால் என்னோடு வேலைக்கு வந்துவிடு என்று தந்தை தவணை கொடுத்தார். 2005 டிசம்பரில், 17 வயதில், ரொசாரியோ சென்ட்ரலின் முதன்மை அணியில் இறங்கினார். இப்படித் தவணை வைப்பது கண்டிப்பாகத் தோன்றினாலும், படிப்பும் ஆட்டமும் இழுபறியாகக் கிடக்கும் நம் வீடுகளுக்கு அது நல்ல ஏற்பாடு.

காயத்தை மறைத்து ஆடச் சொல்லும் ஆட்டக் கமிட்டிக்காரர்களிடம் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2014 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்தை 118ஆவது நிமிட கோலால் வெளியேற்றியவர், பெல்ஜியத்துக்கு எதிரான காலிறுதியில் தொடைத் தசையில் காயம்பட்டு இறுதியாட்டத்தில் இறங்கவே இல்லை. ஆனால் அதன் பிறகு பத்தாண்டுகள் நாட்டுக்காக ஆடி, 2024இல் கோபா அமெரிக்காவை இரண்டாம் முறை வென்றுதான் விடைபெற்றார். தொடை பிடித்துக்கொண்ட சிறுவனை இரவு ஆட்டத்துக்கு இறக்குவது அவனுக்குச் செய்யும் உதவி ஆகாது.

கடைசியாக, இடதுகாலை வலதுகாலுக்குப் பின்னால் சுழற்றி அடிக்கும் ரபோனாவைப் பிள்ளைகள் கேட்காமலே செய்து பார்ப்பார்கள். தடுக்க வேண்டாம், ஆனால் வலது காலால் ஓரத்திலிருந்து கோல் முன்னே அனுப்பும் நேரான கிராஸ் ஒன்றை ஒழுங்காகப் போட வந்த பிறகே அதை ஆட்டத்தில் அனுமதியுங்கள்.