பழைய ஸ்விஃப்டும் வீட்டு வாசல் மெக்கானிக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2005 மே மாதம் மாருதி ஸ்விஃப்ட் வந்தபோது, நம் ஊரில் சின்னக் கார் என்றால் ஆல்டோவும் சாண்ட்ரோவும்தான். ஸ்விஃப்டில் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 87 குதிரைத்திறன், ஒரு டன்னை ஒட்டிய எடை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தயங்காமல் திரும்பும். அந்த முதல் தலைமுறை வண்டிகள் இப்போது செகண்ட் ஹேண்டில் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று நிற்கின்றன. அதில் 2008 மாடல் ஒன்று என்னுடையது.

மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே பந்தயத் தடம் இருக்கிறது. இங்கே ஒரு பையனுக்கு வண்டியில் கை வைக்கும் ஆசை வந்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வரட்டும், நல்லதுதான். பத்து வருடமாக வாசலிலேயே இந்த வண்டியைக் கழற்றி மாட்டி வருகிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சில தவறுகளைச் சொல்லியாக வேண்டும்.

முதல் தவறு, ரிப்பேர் முடியாத வண்டிக்கு அப்கிரேடு செய்வது. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்விஃப்டில் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கும், லிங்க் ராடு பள்ளத்தில் கடகடக்கும், ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்திருக்கும். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு 16 இன்ச் அலாய் வீல் வாங்கி மாட்டுவார்கள். அப்புறம் 80-க்கு மேல் போனால் ஸ்டியரிங் ஆடுகிறது என்பார்கள். ஆட்டம் ஏற்கெனவே இருந்ததுதான். பழைய டயரின் உயரமான பக்கச்சுவர் அதை வாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பைசா செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, முன் சக்கரத்தைக் கடிகாரத்தின் 12 மணிக்கும் 6 மணிக்கும் கை வைத்துப் பிடித்து ஆட்டுங்கள். லூஸ் தெரிந்தால் வீல் பேரிங்கோ பால் ஜாயிண்டோ போயிருக்கலாம். 3 மணிக்கும் 9 மணிக்கும் பிடித்து ஆட்டும்போது மட்டும் லூஸ் இருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைப் பாருங்கள். வண்டியைக் கீழே இறக்கிய பிறகு, ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் சரி. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் அந்த ஷாக்ஸ் முடிந்துபோனது. புஷ், ஷாக்ஸ், நல்ல டயர், அலைன்மெண்ட் இந்த நான்கையும் முடித்துவிட்டு ஒரு முறை மருதமலை ரோட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். அலாய்க்கு எடுத்து வைத்த பணத்தை என்ன செய்யலாம் என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

வண்டியைத் தூக்கி நிறுத்துவதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் தவறு நடந்தால் போவது உயிர். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ரோட்டில் டயர் மாற்றுவதற்காகக் கொடுத்தது. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான், உள்ளே ஒரு சீல் கசிந்தால் இறங்கிவிடும். தூக்குவதற்குத்தான் ஜாக்கி, தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். கீழே கெட்டியான சமதளம், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், கியரில் வண்டி. பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்குக்கு வேலையே இல்லை, அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. அப்போது கட்டையும் கியரும்தான் துணை.

ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லை அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு வீட்டில் பார்த்தேன். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு கல்லின் மேல் இறக்கி, டீ குடிக்க உள்ளே போயிருந்தார்கள். ‘டப்’ என்று ஒரே சத்தம். வந்து பார்த்தால் கல் இரண்டாகப் பிளந்து, பிரேக் டிஸ்க் தரையில் உட்கார்ந்திருந்தது. சுவரில் எடை பரவலாக இறங்கும்போது அந்தக் கல் பெரிய எடையையும் தாங்கும். ஒரு சின்ன இரும்பு விளிம்பு ஒரே இடத்தில் அழுத்தினால் தாங்காது. விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது, ஒரே நொடியில் உடையும்.

ஸ்விஃப்டில் ஜாக்கி வைக்க வேண்டிய இடம் கதவுக்கு அடியில், விளிம்பில் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே இருக்கிறது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டான சம்ப்புக்குக் கீழே வைத்துத் தூக்கினால் சம்ப் நசுங்கும். ஸ்டாண்டில் இறக்கியதும், அடியில் போகும் முன் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்று ஸ்பிரிங்கை அறுப்பது இன்னும் நிற்கவில்லை. கட்டிங் மெஷினில் ஒரு சுற்றை அறுத்துவிட்டால் ஸ்பிரிங் குட்டையாவது மட்டுமல்ல, விறைப்பாகவும் ஆகிவிடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்கார்ந்திருக்கும் தட்டை விட்டு நகரும். மேட்டில் ஏறும்போது ஷாக்ஸ் அடித்தட்டில் போய் இடிக்கும். நம் ஊர் வேகத்தடையில் சம்ப் உரசுவது இதற்கு மேல்.

இன்னொன்று. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் இல்லாமல், ஷாக்ஸும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றாதீர்கள். அந்த நட்டு விடுபட்ட கணத்தில் ஸ்பிரிங் பாயும் வேகத்துக்கு முகமும் கையும் தாங்காது. கயிறு கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றுவது வரை வீட்டில் செய்யலாம். அதைப் பிரித்து மாட்டும் வேலையைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பிரேக் பேட் மாற்றுவது வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. அதில் நான்கு தவறுகள் வழக்கமாக நடக்கும். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றிவிட்டு, ரப்பர் ஹோஸிலேயே தொங்க விடுவது ஒன்று. ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் விடுவது இரண்டாவது. அது பெயிண்டைத் தின்றுவிடும். மூன்றாவது, அளவு குறைந்திருக்கிறதே என்று கையில் கிடைத்த ஆயிலை ஊற்றுவது. டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருப்பதைத் தவிர வேறு எதுவும் அதில் போகக் கூடாது. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

நான்காவதுதான் ஆபத்தானது. பக்கத்து வீட்டுத் தம்பி பேடை அழகாக மாட்டி, சக்கரத்தையும் முறுக்கிவிட்டு, ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் எடுத்தான். பெடலை மிதித்தான், கால் தரை வரைக்கும் போனது. “அண்ணா, பிரேக்கே இல்லண்ணா!” என்று அவன் கத்துவதற்குள் பம்பர் கேட்டில் போய் முட்டியது. அவன் மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொட வேண்டும், அதற்குச் சில மிதி தேவை. சக்கரம் மாட்டியதும் வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும். ஊட்டியிலிருந்து மலைப்பாதையில் இறங்குகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொதித்த ஆயிலில் ஆவி உண்டாகிவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து, மரை. வீட்டில் வேலை செய்கிறவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இதைத்தான். இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக் மாட்டும்போது முதல் நான்கைந்து சுற்று வெறும் கையால் போக வேண்டும். போகவில்லை என்றால் வெளியே எடுத்து மறுபடி நேராக வையுங்கள். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும், பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்க வேண்டியதுதான். சூடான இன்ஜினில் பிளக்கைக் கழற்றவே வேண்டாம்.

வீல் நட்டுக்கு என் வண்டி மேனுவலில் போட்டிருக்கும் முறுக்க அளவு 85 நியூட்டன் மீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு அடி நீள ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றால் விழும் முறுக்கம் 200-ஐத் தாண்டுகிறது. நட்டு ஏறும் மரை போல்ட்டான ஸ்டட் இழுபட்டு நீள்வதும் டிஸ்க் கோணுவதும் அதனால்தான். முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். என் பெட்டியில் இருப்பதிலேயே அதிகம் உழைத்த சாமான் அதுதான். அலாய் வாங்கும்போது நட்டையும் பாருங்கள். ஸ்விஃப்டுக்கு 12 மில்லிமீட்டர், 1.25 மரை. பல வண்டிகளுக்கு 1.5. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்று ஏறும், அதற்கு மேல் ஸ்டட்டின் கதை முடிந்தது.

டயர் அளவு வெறும் கணக்குதான். 165/80 ஆர்14 டயரின் (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச்) மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 போட்டால் 621, 195/55 ஆர்16 போட்டாலும் 621. இதற்குள் இருந்தால் ஸ்பீடோமீட்டர் காட்டும் கணக்கு மாறாது. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. செகண்ட் ஹேண்ட் டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் பள்ளக் கோடுகள், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த எண் பழையதாக இருந்தால் வேண்டாம்.

ஆயில் மாற்றும்போது ஒன்றே ஒன்று: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுப்பின் மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் சேர்ந்து, ரோட்டில் போகும்போது பிதுங்கி, சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் கொட்டிவிடும். கூலண்டுக்கு போர் தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டருக்குள் உப்புப் படியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

கரண்டு வேலையில் பெரிய தவறு ஹெட்லைட்டில் நடக்கிறது. கம்பெனி பல்பு 60/55 வாட். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 மாட்டினால், ஹை பீமில் ஒவ்வொரு பல்பும் 5 ஆம்பியருக்குப் பதில் 8-க்கு மேல் இழுக்கும். பழைய ஒயரும் சுவிட்சும் அந்தச் சூட்டைத் தாங்கும் அளவில் இல்லை, ஹோல்டர் உருகும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸோ, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளோ வைத்தால் அடுத்து எரிவது வண்டி. முதலில் மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போடுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே வெளிச்சம் திரும்ப வந்துவிடும்.

பழைய பார்ட்ஸுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை போகிறவர்கள் உண்டு. கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு, சீட் என்றால் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்ததா என்று பார்த்துச் சொல்லவே முடியாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அலறும் சைலன்ஸர், வேறு இன்ஜின் எல்லாம் இதில் அடங்கும். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இந்த மாதிரி மாற்றங்களைத்தான். நல்ல பேட், நல்ல டயர், புது புஷ் போட்டதற்காக யாரும் எங்கேயும் வண்டியை நிறுத்தப் போவதில்லை.

வேலை முடிந்த அன்றைக்கே நீண்ட பயணம் போகாதீர்கள். தெருவுக்குள் மெதுவாக இரண்டு சுற்று ஓட்டி வந்து, அடியில் ஏதாவது சொட்டுகிறதா என்று ஒரு அட்டையை விரித்து வைத்துப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒரு முறை டார்க் ரென்ச்சால் சரிபார்த்துவிடுங்கள். அலாய் புதிதாக மாட்டியிருந்தால் நட்டு கொஞ்சம் இளகியிருக்கலாம்.