புக்கிட் மேராவில் செம்பனைப் பழம் போட்டு லம்பாம் பிடிக்க

பேராக்கில் பகான் செராய், செமாங்கோல் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்குப் புக்கிட் மேரா ஏரி என்றாலே தூண்டில்தான் ஞாபகம் வரும். ஆனால் 1906இல் இந்த ஏரியைக் கட்டி முடித்தது கிரியான் மாவட்டத்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச. கூராவ் ஆற்றை மறித்துத் தேக்கிய தண்ணீர் இன்றைக்கும் வருடத்துக்கு இரண்டு போகம் நெல்லுக்குப் போகிறது; வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் இதுதான் ஊற்று. மதகைத் திறப்பதும் மூடுவதும் வயலைப் பார்த்து. மீன் எங்கே நிற்கும் என்பதும் அதை வைத்துத்தான் மாறும். அதனால் முள்ளும் இரையும் அப்புறம், முதலில் கரையைப் பாருங்கள்.

தண்ணீருக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு ஈரச் சேறு கறுப்பாகத் தெரிந்தால் மட்டம் இறங்குகிறது. மீன் கரையோரத்தை விட்டு ஆற்றின் பழைய தடத்துக்குப் போயிருக்கும். கரையில் நின்று போடுகிறவருக்குச் சிரமமான நாள். பச்சைப் புல் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, தாள் தண்ணீருக்குள் இருந்தால் மட்டம் ஏறுகிறது. புதிதாக மூழ்கிய புல்லில் பூச்சி, புழு தேடி லம்பாம் (கெண்டை வகை மீன்) முழங்கால் ஆழத்துக்கே வரும். அன்றைக்குத் தூரமாக வீசுவது வீண்.

இரைக்குச் செம்பனையின் உதிரிப் பழம் போதும். தோட்டத்தில் கேட்காமல் பொறுக்கினால் அது திருட்டு, கேட்டு வாங்குங்கள். கறுப்பாக இருக்கும் காய் வேண்டாம். நன்றாகச் சிவந்து, தானாக உதிர்ந்ததில்தான் எண்ணெய் அதிகம். இருபது பழத்தை மூழ்கும் அளவு தண்ணீரில், ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, நடுத்தரத் தீயில் 15 முதல் 20 நிமிடம் வேக வையுங்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் இறங்க வேண்டும், சிவப்பு எண்ணெய் கசிய வேண்டும், சதை மட்டும் கொட்டையை விட்டுக் கழலக் கூடாது. அதற்கு மேல் வெந்தால் வீசும்போதே சதை பறந்துவிடும். வேகாத பழத்தில் முள் நுனி சதைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மீன் கடிக்கும், சிக்காது.

ஆறியதும் கத்தியால் சதையை நீளவாக்கில் சீவி, ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். நாரின் போக்கிலேயே முள்ளைச் செருகினால் துண்டு பிளந்து விழும். நாருக்குக் குறுக்கே செருகுங்கள். லம்பாமுக்கு வாய் சின்னது: 8ஆம் எண் முள், 8 பவுண்டு நூல் போதும். பெரிய முள் போட்டுவிட்டு ஏரியில் மீனே இல்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

இங்கே பெரிய தொல்லை பாசி, அதுவும் ஊதாப் பூ பூக்கும் கபோம்பா. ஈயக்குண்டை அடியில் போட்டால் இரை பாசிக்குள் புதைந்துவிடும். ஆகவே தக்கை கட்டுங்கள். ஈயம் தக்கை நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மட்டும். தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே முதலில் இரண்டு முழம் விட்டுப் போட்டு இழுங்கள். முள்ளில் பச்சை இழை வந்தால் ஒரு சாண் குறைத்து மறுபடி போடுங்கள். இழை வராமல் போகும் ஆழம்தான் பாசியின் தலைக்கு மேலே. பிடுங்கிய பாசியைத் தண்ணீருக்குள் எறியாதீர்கள், துண்டுத் துண்டாகவே முளைக்கும். நூலில் ஒட்டியதை அப்படியே தோட்டத்துக் குளத்துக்குக் கொண்டுபோனால் அந்தக் குளமும் போச்சு.

தக்கை இரண்டு முறை துள்ளும்போது பொறுங்கள். சாய்ந்து நகரும்போது மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்கினால் போதும்.

பொழுது சாய்ந்தபின் மண்புழுவுக்கும் கோழிக் குடலுக்கும் பாவுங் என்ற கெளுத்தி வகை மீன் வரும். அதன் முதுகிலும் இரு பக்கச் செவுளுக்குப் பின்னாலும் முள் உண்டு, குத்தினால் கடுப்பு இறங்க நேரமாகும். துணியால் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளித்தால் அடியில் பெரிய தோமான் (விரால் வகை மீன்) அவற்றுக்குக் காவல் நிற்கிறது என்று பொருள். அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை. கெலிசா (அரோவானா மீன்) மாட்டினால் கரையேற்றாமல், தண்ணீரிலேயே நூலை வெட்டி விடுங்கள். அது அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன். ஆண் மீன் வாயில் முட்டை வைத்திருக்கவும் கூடும்.

மதகருகிலும் ரயில் பாலத்திலும் நிற்கக் கூடாது. பிற்பகலில் இடி கேட்டால் கார்பன் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் அப்படித்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் வயிற்றின் உள்ளே கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுங்கள். மண்வாடைக்குக் கெட்டிப் புளிக்கரைசலும் உப்பும் தடவி 15 நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். லம்பாமுக்கு மயிர்போல் முள் அதிகம். இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகக் கீறி, மஞ்சள் தடவி, எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் மொறுமொறுப்பாகப் பொரித்தால் சின்ன முள் பல்லில் நொறுங்கிவிடும். குழம்பில் போட்டால் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.