‘ஸ்னாப்ஷாட்’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் என்னிடம் திருத்தத்திற்கு வந்த குடும்ப மலர் ஒன்றின் ஒரே பக்கத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில், ஸ்டூடியோவின் நீலத் திரைக்கு முன்னால் அனைவரும் நிமிர்ந்து அமர்ந்திருந்தனர். மற்றொன்றில், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டின்கீழ், பாட்டி முறுக்கைக் கடித்தபடியே யாரையோ திரும்பிப் பார்க்கிறார். படம் சாய்ந்திருந்தது, ஓரத்தை எவருடைய விரலோ மறைத்திருந்தது. இரண்டின் கீழும் ‘ஸ்னாப்சாட்’ என்று எழுதியிருந்தார்கள்.

எழுத்துப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரந்த எழுத்தைத் தவிர்க்கும் நல்ல எண்ணத்தில் ‘ஷா’வைச் ‘சா’ ஆக்கினால், வாசகர் அதை ‘ஸ்னாப்சாட்’ (Snapchat) என்ற கைப்பேசிச் செயலியின் பெயராகவே படிப்பார். அடுத்தது பொருள் பிழை: ‘ஸ்னாப்ஷாட்’ என்பது முன்னேற்பாடின்றிச் சட்டென எடுக்கும் படம்; திட்டமிட்டு, அமர வைத்து எடுத்த படத்திற்கு இச்சொல் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதற்குச் சொல்லின் பிறப்பே விடை தருகிறது. கேமராவின் ‘கிளிக்’ ஒலியிலிருந்து அது வந்ததாகப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அது வேட்டைக்காரர்களின் சொல். புதரிலிருந்து பறவை எழும்பியதும், குறிபார்க்க நேரமின்றிச் சட்டெனச் சுடுவதையே ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர். பீட்டர் ஹாக்கர் என்ற படை அதிகாரியின் 1808ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அது அந்தப் பொருளிலேயே வருகிறது. ‘ஸ்னாப்’ என்பதன் பழைய பொருள் வெடுக்கெனக் கவ்வுதல். ‘ஷாட்’ என்பது துப்பாக்கிச் சூடு. ஒளிப்படத் தகடுகளுக்குப் பல விநாடி வெளிச்சம் தேவைப்பட்ட காலத்தில், 1860இல், வானியலாளர் ஜான் ஹெர்ஷெல், விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்கக்கூடிய நிலையைக் கற்பனை செய்து, அதற்கு இந்த வேட்டைச் சொல்லைக் கடன் வாங்கினார்.

ஆகவே இது கோடாக் நிறுவனம் படைத்த விளம்பரச் சொல் என்பதும் தவறு. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் நூறு படச் சுருளுடன் முதல் கோடாக் கேமராவை விற்றபோது சொல்லுக்குக் குறைந்தது எண்பது வயது. ஆனால் 1900இல் ஒரு டாலருக்கு வந்த ‘பிரௌனி’ கேமரா, குறிபார்க்காமல் படமெடுக்கும் பழக்கத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது என்பதை மறுக்க முடியாது.

‘உடனடிப் படம்’ என்று மொழிபெயர்ப்பதையும் தவிர்க்கலாம். அது 1948இல் விற்பனைக்கு வந்த போலராய்டு வகைப் படத்தையே நினைவூட்டும். கைப்பேசித் திரையைப் பதிவு செய்வது ஸ்கிரீன்ஷாட், இது அன்று. ஆய்வறிக்கையில் ‘ஸ்னாப்ஷாட்’ என்று வந்தால் அங்கே படமே இல்லை, ‘அப்போதைய நிலவரம்’ என்றால் போதும். (‘புகைப்படம்’ என்பதில் புகை எங்கே என்ற வழக்கு தனி, ‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லின் ‘ஒளியால் எழுதுதல்’ என்ற மூலப் பொருளுக்கு ‘ஒளிப்படம்’ நெருக்கமானது என்பதே என் கருத்து.)

மலரில் முதல் படத்தின் கீழ் ‘குடும்பப் படம்’ என்றும், இரண்டாவதன் கீழ் ‘சட்டென எடுத்த படம்’ என்றும் திருத்தினேன். ஓரத்து விரலை வெட்டிவிடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.