ஆயிரம் தீவுகளில் கயாக் முகாமா? முதலில் காற்றைப் பாருங்கள்

கனடாவின் ஆயிரம் தீவுகள் பகுதியில் இரண்டு மூன்று நாள் கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) சுற்றி, தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்களா? இந்தத் தீவுகள் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் ஆறு வடகிழக்காக ஓடுகிறது, கோடைக்காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான், அதனால் கனனாக்வே ஊரில் படகை இறக்கி, வடகிழக்கே இருக்கும் மல்லோரிடவுன் பக்கம் போனால் இரண்டுமே உங்களை முன்னே தள்ளிவிடும். வந்த வழியே திரும்புவதென்றால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள், மதிய எதிர்காற்றில் துடுப்புப் போட்டால் தோள் கழன்றுவிடும். சரக்குக் கப்பல் தடத்தை நேர்க்குறுக்காக, சட்டென்று கடக்க வேண்டும். கப்பல் போனபிறகும் அலை வரும், ஆகவே ராத்திரி படகை நன்றாக மேலே இழுத்து மரத்தில் கட்டிவிடுங்கள். குடிநீர் கையோடு. அப்புறம், நாட்டு எல்லை தீவுகளுக்கு நடுவே போகிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் அமெரிக்கப் பக்கத் தீவில் கால் வைக்காதீர்கள்.