இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர்: பூசுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளில் குடிவருபவர்களில் இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்கும் நர்சுகள் உண்டு. பக்கத்து வீட்டு மிக்ஸி காலை ஒன்பது மணிக்கு ஓடினாலும் அவர்களுக்கு அது நடுராத்திரிதான். சைட் மேற்பார்வையில் இந்த விஷயத்தை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஒரு வீட்டு ஹாலுக்கும் அடுத்த வீட்டு ஹால், படுக்கையறைக்கும் நடுவே சத்தம் 50 டெசிபல் குறைய வேண்டும் என்கிறது ஐ.எஸ். 1950 என்ற இந்தியத் தர விதி. இருபுறமும் பூசிய 9 இஞ்ச் செங்கல் சுவர் ஏறக்குறைய அதை எட்டிவிடும். 4 இஞ்ச் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல், எட்டாது. சத்தத்தைத் தடுப்பது எடை. லேசான பிளாக் வேலூர் வெயிலுக்கு நல்லதுதான், அதை வெளிச்சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லைவிடச் சந்துதான் பெரிய தொல்லை. 50 டெசிபல் சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் 20 டெசிபல்தான் தேறும். கொத்தனார் கல்லுக்கு அடியில் கலவை தாராளமாகப் போடுவார், பக்கத்துப் பக்கத்துக் கல்லுக்கு நடுவே நிற்கும் சந்தைக் கலவையில்லாமல் விட்டுவிடுவார்.

"பூச்சுல மூடிக்கும் சார்" என்பார் மேஸ்திரி.

"லாப்டுக்கு மேலயும் ஃபால்ஸ் சீலிங்குக்குப் பின்னாலயும் யாருண்ணே பூசுறது?" என்று கேட்டால் பதில் வராது. அந்த இடங்களிலும் பூச்சு பீம் அடிவரை ஏற வேண்டும். அதற்கு முன், பீமுக்கும் கடைசி வரிசைக் கல்லுக்கும் நடுவே கரணையை விட்டுப் பாருங்கள். உள்ளே போனால் கலவையை இறுக்கி அடைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் இரண்டு வீட்டு சுவிட்ச் பாக்ஸையும் முதுகோடு முதுகாக வைத்தால் நடுவில் சுவரே மிஞ்சாது. ஒன்றை இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் இருட்டியதும் ஒரு பக்கம் ஹாலஜன் விளக்கைப் பிடித்து மறுபக்கம் நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பெரிய ஓட்டைகள் இதில் மாட்டிவிடும்.

அப்புறம் தரை. மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு கான்கிரீட்டின் எடை மட்டும் போதாது. ஸ்லாபின் மேல் ரப்பர் ஷீட் விரித்து, சுவரோரம் பட்டையாக மேலே மடித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டு டைல் ஒட்ட வேண்டும். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல் தரையைத் தொடாமல் நூலளவு சந்து விட்டு சிலிக்கான் வைக்க வேண்டும். டைல் போடுபவர் பழக்கத்தில் அங்கே வெள்ளை சிமெண்டைத் தேய்த்துவிடுவார். அப்படிச் செய்தால் சத்தம் அந்த வழியாகவே சுவரில் இறங்கும். அதனால் வேலை தொடங்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.