கார்பன் ஸ்டீல் கத்தியில் கறுப்பைச் சுரண்டாதீர்கள்

பட்டறைக் கத்தியோ ஜப்பான் கத்தியோ, கார்பன் ஸ்டீல் வாங்கும் புதியவர்கள் ஒரே இடங்களில்தான் கோட்டை விடுகிறார்கள். நனைந்தால் துடைக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கறுப்பைத் துரு என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அந்தக் குரோமியம்தான். கார்பன் ஸ்டீலுக்கு அந்தக் காவல் கிடையாது. வெங்காயம், மாங்காய் என்று நறுக்க நறுக்க அலகில் சாம்பலும் நீலமுமாக ஒரு படலம் ஏறும். கறுப்பு என்று சொல்வது இதைத்தான். கத்தி தானே போட்டுக்கொள்ளும் சட்டை அது. துருவை அடியோடு தடுக்காது, ஆனால் நன்றாகவே தாமதப்படுத்தும். செந்துருவோ பொருக்குத் தட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்து, அடியில் குழி பறிக்கும்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அருமையான கத்தி வாங்கினான். படலம் ஏறும்போதெல்லாம் புளியும் கம்பி நாருமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். அப்படித் தேய்த்ததில் வெற்று இரும்பு வெளியே வந்தது. மறுநாள் காலையில் ஆரஞ்சுப் புள்ளிகள். அவற்றைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்த்தான். வாழைக்காய் நறுக்கினால் துண்டெல்லாம் கறுத்தது. கடைசியில் "மட்டமான இரும்புண்ணே" என்று என்னிடம் நீட்டியபோது வெட்டுமுனையில் குழி விழுந்திருந்தது. குழியின் ஆழம் வரை சாணைக்கல்லில் தேய்த்து எடுத்த பிறகுதான் ஒழுங்காக வெட்டியது; அலகின் அகலம் போனது போனதுதான். அடித்த கொல்லர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சந்தேகம் வந்தால் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அலகைத் துடையுங்கள். துணியில் செம்பழுப்பு ஒட்டினால் துரு; அந்த இடத்தை மட்டும் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போதும். சாம்பல் நிறம் அசையாமல் நின்றால் கை வைக்காதீர்கள்.

தொட்டியில் ஊறப்போடுவது

கூடாது. ஐந்து நிமிடம்கூட.

தோல் உறையிலேயே வைத்திருப்பது

தோல் ஈரத்தை இழுக்கும். பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கலாம். உறை என்பது வெளியே எடுத்துப் போகத்தான். செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போடுவதும் இதே கதை.

கைக்குக் கிடைத்த எண்ணெயைப் பூசுவது

நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுக்கும். அன்றாடம் புழங்கும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதென்றால், மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்கும் லிக்விட் பாரஃபின்தான் என் தேர்வு. அது கெட்டுப்போவதில்லை. பூசியது தெரியாத அளவு மெல்லிசாகத் தடவுங்கள். அலகு மரப்பிடிக்குள் நுழையும் இடுக்கில்தான் தண்ணீர் தங்கும். துணி நுனியை அங்கேயும் விட்டு எடுங்கள்.

கடலோர ஊரில் இருந்துகொண்டு மறந்துவிடுவது

உப்புக் காற்று சும்மா இருக்கும் கத்தியையும் விடாது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், மழைக்காலத்தில் இரண்டு முறை.