வயதான நாய் படுத்த இடத்திலேயே நனைக்கிறதா? முதலில் ஈரத்தைக் கவனியுங்கள்

எங்கள் நாய் ஜூலிக்கு 12 வயது முடிந்த சமயம். விடியற்காலை அவள் எழுந்து வாசலுக்குப் போன பிறகு, உதறிப் போடலாம் என்று படுக்கைச் சாக்கைத் தூக்கினேன். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே இடம், அதே அளவு. மூன்றாம் நாள்தான் முகர்ந்து பார்த்தேன். "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியே இரண்டு மாதம் ஓட்டிவிட்டோம். கசிவுக்குப் பின்னால் ஏதாவது ஒரு காரணம் இருக்கும், அதில் பலவற்றுக்கு மருந்தும் உண்டு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. உங்கள் வீட்டில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்றால், நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எப்போது, எங்கே, எவ்வளவு?

டாக்டரிடம் போவதற்கு முன்னால் நாலைந்து நாள் கவனித்து எழுதி வையுங்கள். தனியாக நோட்டு வேண்டியதில்லை. நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். தேதி முன்பக்கமே இருக்கிறது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது, நனைக்கும்போது நாய்க்கு அது தெரிகிறதா என்பது. நன்றாகத் தூங்கும்போது மட்டும் கசிந்து, விழித்திருக்கும்போது வழக்கம்போல் வெளியே போய்வந்தால், சிறுநீர்ப்பையின் வாயை மூடி வைக்கும் தசை தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கு.க. (கருத்தடை) ஆபரேஷன் செய்த பெண் நாய்களுக்கு, அதிலும் உருவம் பெரிய இனங்களுக்கு, இது அடிக்கடி வரும். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தத் தசையின் பிடிமானம் குறைகிறது. ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்துக்கூட ஆரம்பிக்கலாம். ஜூலிக்கு அப்படித்தான். அதற்காக, ஆபரேஷன் செய்தது தப்போ என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செய்யாமல் விட்டிருந்தால் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து இருந்திருக்கும். அது உயிருக்கே உலை வைப்பது.

அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது, சிறுநீரில் ரத்தம் தெரிவது எல்லாம் கிருமித்தொற்று அல்லது கல்லின் பக்கம் கைகாட்டும். ரத்தமா என்று சந்தேகம் வந்தால் ஈரத்தின் மேல் வெள்ளை டிஷ்யூவை வைத்து ஒற்றிப் பாருங்கள். மொசைக் தரையில் தெரியாத நிறம் அதில் தெரியும். குடம் குடமாகக் குடித்துவிட்டுக் குளம் போல் போனால் சர்க்கரை, சிறுநீரகம், கருப்பை என்று வேறு பக்கம் தேட வேண்டும். நடக்கும்போதே சொட்டி, கூடவே பின்னங்காலும் இழுத்தால் முதுகெலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு வகையும் உண்டு. நாய் விழித்திருக்கிறது, அதற்குத் தெரிந்தேதான் ஹாலில் போகிறது. அதற்கு வாசல் எங்கே என்பது மறந்திருக்கலாம். இல்லை, மூட்டுவலியால் வாசல் வரை போய்ச்சேர முடியாமல் இருக்கலாம். பின்னதற்குக் கொடுக்க வேண்டியது வலிக்கான வைத்தியம்.

படி 2: தண்ணீரை அளந்து வையுங்கள்

காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். தீரத் தீர ஊற்றி, 24 மணி நேரத்தில் எவ்வளவு போனது என்று பாருங்கள். சாதாரணமாக ஒரு நாய் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அதிகம். அதாவது 20 கிலோ நாய் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீட்டு நாய்கள் தயிர்சோறும் குழம்புச் சோறும் சாப்பிடுபவை. சோற்றிலேயே பாதித் தண்ணீர் போய்விடும், அதனால் கிண்ணத்தில் குறைவாகத்தான் குடிக்கும். அப்படிச் சாப்பிடும் நாய் கிலோவுக்கு 100 மில்லியைத் தொட்டாலே யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு நின்றுவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவேன். நாலாம் நாள் ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், பாத்ரூமில் வாளியின் வெளிப்பக்கம் வழிந்த தண்ணீரை நக்கிக்கொண்டிருக்கிறாள். சிறுநீரகம் பழுதான நாயாக இருந்து தண்ணீரையும் நிறுத்தினால் இரண்டே நாளில் படுத்துவிடும் என்று பிறகு டாக்டர் திட்டினார். கிண்ணம் எப்போதும் நிரம்பியிருக்கட்டும்.

படி 3: சிறுநீர் பிடிப்பது

இது பெரிய வித்தை போலத் தோன்றும், ஆனால் ஒரு கரண்டி வேலைதான். நீளக் காம்பு வைத்த குழம்புக் கரண்டி ஒன்றைக் கொதிநீரில் கழுவிக் காய வையுங்கள். காலையில் முதல் தடவை வெளியே கூட்டிப் போகும்போது பின்னாலேயே போங்கள். உட்கார்ந்ததும் கரண்டியை நீட்டினால் பாதியில் எழுந்துவிடும். போக ஆரம்பித்து இரண்டு விநாடி கழித்து, பக்கவாட்டிலிருந்து நைஸாக உள்ளே விடுங்கள். இரண்டு ஸ்பூன் அளவு கிடைத்தால் போதும். மெடிக்கலில் விற்கும் யூரின் டப்பாவில் ஊற்றி மூடிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். (எங்கள் வீட்டில் அந்தக் கரண்டியும் டப்பாவும் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். கரண்டி இப்போது தோட்டத்துக் குழாயடியில் தொங்குகிறது.)

காலையில் முதலில் போவதைக் கேட்பதற்குக் காரணம், சிறுநீரகம் சிறுநீரை எவ்வளவு கெட்டியாக்க முடிகிறது என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு மட்டும் இது சரிப்படாது. அதற்கு டாக்டர் வயிற்றில் ஊசி போட்டு நேராகப் பையிலிருந்தே எடுப்பார். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ரத்தம் எடுப்பது போலத்தான். ஜூலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படி 4: டாக்டரிடம்

காலண்டர் தாள்கள், தண்ணீர்க் கணக்கு, சிறுநீர் டப்பா மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும் நாயின் அடியில் ஈரம் பரவுவது போனில் வீடியோவாக இருந்தால் ரொம்ப நல்லது. வேறு மாத்திரை ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் அட்டையோடு கொண்டுபோங்கள். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் இதயத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரையுமே சிறுநீரை அதிகமாக்கும். சில நேரம் அதுதான் முழுக் காரணமாக இருக்கும்.

சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் சர்க்கரையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும், தேவைப்பட்டால் ஸ்கேன். பெரும்பாலும் இவ்வளவுதான். நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் எதையும் பார்க்காமல் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். கசிவு அப்படியே இருந்தது. டெஸ்ட் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள், தப்பில்லை. பக்கத்தில் ஸ்கேன் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்களில் அங்கேயே மருத்துவமனையும் இருக்கிறது.

நாள் பார்க்காமல் உடனே ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. முக்கி முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது என்றால், குறிப்பாக ஆண் நாயானால், அன்றைக்கே போக வேண்டும். கு.க. செய்யாத பெண் நாய் ஹீட் முடிந்த சில வாரத்தில் நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலும் அப்படியே. கருப்பைச் சீழ் வெளியே வடியாமல் உள்ளேயே தங்கியும் இருக்கலாம்.

படி 5: மருந்து

தசைத் தளர்ச்சி என்று முடிவானால் பொதுவாக இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தருவார்கள். ஃபினைல்ப்ரோபனோலமைன் அந்தத் தசையை இறுக்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதால் இதய நோய், சிறுநீரக நோய் இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார். எஸ்ட்ரியால் பெண் நாய்க்கு மட்டும் கொடுக்கும் ஹார்மோன். எங்கள் டாக்டர் முதலாவதைத்தான் எழுதினார், சொல்லி வரவழைக்க நாலைந்து நாள் ஆனது. அடுத்த வாரமே சாக்கு காய்ந்திருந்தது. பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். சரியாகிவிட்டதென்று நானாகவே ஒரு தடவை நிறுத்தினேன், பழைய ஈரம் திரும்ப வந்துவிட்டது.

மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மூட்டுவலிக்கு நாம் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை.

படி 6: படுக்கை

மருந்து வேலை செய்தாலும் அங்கங்கே ஒரு இரவு நனையத்தான் செய்யும். நான் முதலில் அம்மாவின் பழைய காட்டன் சேலையை நாலாக மடித்துப் போட்டேன். அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, விடிய விடிய அதே ஈரத்தை ஜூலியின் தொடையில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. மேல் துணி ஈரத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும், தான் வைத்துக்கொள்ளக் கூடாது. இப்போது எங்கள் ஏற்பாடு இது: அடியில் இரண்டு அங்குல ஃபோம், அதைச் சுற்றிக் குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட். அதற்கு மேல், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மெடிக்கலில் விற்கும் அண்டர்பேட். எல்லாவற்றுக்கும் மேல் ஃப்ளீஸ் போர்வை. காலையில் பேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போர்வையைத் துவைத்தால் வேலை முடிந்தது. துவைக்கும்போது வாசனைக்காகப் போடும் துணி மென்மையாக்கியை விட்டுவிடுங்கள், அது போர்வை ஈரத்தைக் கீழே இறக்கும் தன்மையைக் குறைத்துவிடும்.

நைலான் நாடாக் கட்டில் இருந்தால் அதைவிட நல்லது. கட்டிலின் கால்களை அரை அடி உயரமாக அறுத்துவிட்டு, அடியில் தட்டு ஒன்று வையுங்கள். ஒல்லியான நாயானால் முழங்கை, இடுப்பெலும்பு படும் இடத்தில் மெத்தென்று ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும்.

படி 7: தோல், ஈ, புழு

நம் ஊர் வெக்கைக்கு இதுதான் மிக முக்கியம். ஈரம் பட்ட தொடை இடுக்கிலும் வாலடியிலும் முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள். காலையிலும் ராத்திரியிலும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு வாஸ்லைனோ தேங்காய் எண்ணெயோ மெல்லிசாக. குழந்தைகளின் டயப்பர் கிரீமைத் தடவாதீர்கள். பலவற்றில் துத்தநாக ஆக்சைடு இருக்கும், நாய் நக்கி விழுங்கினால் விஷம்.

ஈரமும் வாடையும் இருந்தால் ஈ வந்து முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். வாலடியில் ஒரு கொத்து முடி மட்டும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தாலோ, நாய் திரும்பித் திரும்பி அங்கேயே கடித்தாலோ, விலக்கிப் பாருங்கள். சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே கூட்டமே இருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

படி 8: டயப்பர், தரை, நேரம்

டயப்பர் வெளியூர்ப் பயணத்துக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் போதும். குழந்தை டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டுத் திருப்பிக் கட்டலாம், ஆண் நாய்க்கு வயிற்றைச் சுற்றி வேட்டித் துண்டு, உள்ளே ஒரு நாப்கின். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடித்துக் குதறும் நாய்க்குக் கட்டவே வேண்டாம், உள்ளேயிருக்கும் ஜெல் வயிற்றில் ஊதி அடைத்துக்கொள்ளும்.

தரைக்கு ஃபினாயில் வேண்டாம், மிதித்த காலை நக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு என்சைம் கிளீனர் போடுங்கள். வினிகரும் வாடையை எடுக்கும்தான், ஆனால் மொசைக், மார்பிள் தரையை அரித்துவிடும். எங்கள் ஹாலில் ஒரு இடம் வெளுத்தே போய்விட்டது.

எழுந்ததும், சாப்பிட்டதும், படுக்கப் போகும்போதும், நடுவில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் வெளியே கூட்டிப் போங்கள். டைல்ஸில் வழுக்குகிற நாய் எழுவதற்கே பயப்படும். படுக்கையிலிருந்து வாசல் வரை ரப்பர் மேட் போட்டதும் ஜூலி தானாகவே போக ஆரம்பித்தாள்.

அப்புறம், நனைத்ததற்காகத் திட்டாதீர்கள். மூக்கை அதில் கொண்டுபோய்த் தேய்ப்பதெல்லாம் கூடவே கூடாது. தூக்கத்தில் நடந்தது அதற்கு எப்படித் தெரியும்?

நாங்கள் ஊருக்குப் போனால் ஜூலியைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு அக்கா. போன தடவை மாத்திரை நேரம், பேட் இருக்கும் இடம், டாக்டர் நம்பர் மூன்றையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அதே தாளில் கீழே அவர் எழுதியிருந்தது: "ரெண்டு நாளும் காய்ந்திருந்தது. மூணாம் நாள் கொஞ்சம். போர்வை மாடியில் காயுது."